வரம்போரம்: சிலந்திக்கும் யானைக்கும் இங்கே என்ன வேலை?

(வாசகர் கேள்விகளுக்குக் களுவாஞ்சிகுடியிலிருந்து ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர் ஒருவர் பதில் எழுதும் பகுதி. மே 22 சர்வதேச உயிர்ப் பல்வகைமை நாள் என்பதால், இம்முறை அதைப் பற்றி வந்த கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறார்.)

அன்புள்ள அம்மா, நான் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். "நிலைபேறான உலகுக்கு உயிர்ப் பல்வகைமை ஏன் தேவை?" என்று பாடசாலையில் பேச வேண்டும். தேடிப் பார்த்தால் எல்லாம் அமேசன் காடும் பனிக்கரடியுமாக இருக்கின்றன. நம் நாட்டிலிருந்து ஓர் உதாரணம் தருவீர்களா?
– மாணவி, கல்லடி

மகள், கோப்பியின் கதையைச் சொல்லுங்கள். தேயிலை வருவதற்கு முன்பு மலைநாட்டின் செல்வம் கோப்பிதான். ஆங்கிலேயத் துரைமார் காட்டை வெட்டி மலை மலையாக அந்த ஒரு பயிரை மட்டும் நட்டார்கள். 1870களின் இறுதியில் அது ஏறத்தாழ 275,000 ஏக்கர்வரை பரந்திருந்தது. ஆனால் அதற்கு முன்பே, 1869இல், மடுல்சீமைப் பக்கத்தில் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் பொடிபோல ஒரு பூஞ்சணம் தென்பட்டிருந்தது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பொடி முழுக்கப் பூஞ்சணத்தின் வித்திகள். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அவை போய் விழுந்த இடத்திலும் கோப்பி இலைதான் இருந்தது. இடையில் அவற்றை மறிக்க வேறு மரம் இல்லை. 1880இல் இங்கிலாந்திலிருந்து வந்து இந்த நோயை ஆராய்ந்த மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர், ஒரே பயிரை இடைவெளியில்லாமல் நட்டதுதான் நோய்க்கு வழிவிட்டது என்று எடுத்துக்காட்டினார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இலங்கையின் கோப்பித் தொழில் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. துரைமார் பலர் கடனில் மூழ்கினார்கள். தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாகக் கூட்டிவரப்பட்ட நம் மக்களோ கூலியும் இல்லாமல் வேலையும் இல்லாமல் தவித்தார்கள்.

இதைச் சொன்ன பிறகு உலகக் கணக்குக்கு வாருங்கள். 2019இல் ஐக்கிய நாடுகளின் ஆதரவில் வெளியான மதிப்பீடு, உலகில் இருக்கக்கூடிய ஏறத்தாழ 80 இலட்சம் இனங்களில் 10 இலட்சம் அழிந்துபோகும் ஆபத்தில் இருக்கின்றன என்கிறது. இந்த எண்ணை எடுத்த எடுப்பில் சொன்னால் கேட்பவர்கள் தலையை ஆட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். கோப்பிக்குப் பிறகு சொன்னால் அதன் கனம் தெரியும். இன்னொன்று: பல்வகைமை என்பது எத்தனை இனங்கள் இருக்கின்றன என்ற கணக்கு மட்டும் அல்ல. ஓர் இனத்துக்குள்ளேயே எத்தனை விதங்கள் இருக்கின்றன என்பதும் அதில் அடங்கும். அதற்கு இந்தப் பக்கத்தின் கடைசிக் கடிதத்தைப் படியுங்கள்.

எனக்கு வவுணதீவுப் பக்கம் ஆறு ஏக்கர் வயல். போன பெரும்போகத்தில் அறக்கொட்டிப் பூச்சி விழுந்தது. கடையில் சொன்னபடி இரண்டு மருந்தைக் கலந்து அடித்தேன். ஒரு கிழமை அடங்கிக் கிடந்தது. பிறகு முன்னையைவிட மோசமாக வந்து வேளாண்மை வட்ட வட்டமாகக் கருகிவிட்டது. எனக்குத் தந்தது போலி மருந்தா?
– விவசாயி, வவுணதீவு

தம்பி, போலி மருந்தாக இருக்க வேண்டும் என்பதில்லை. மருந்து நன்றாக வேலை செய்ததாலேயே இப்படி நடந்திருக்கக்கூடும். படுவான்கரை (வாவியின் மேற்குக் கரை) வயல்வட்டைகளில் இதைப் போகத்துக்குப் போகம் பார்த்தவள் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அடுத்த முறை மருந்துத் தாங்கியைத் தோளில் மாட்டுவதற்கு முன் காலையில் வயலுக்குள் இறங்கி, ஒரு நெற்பற்றையை இரண்டு கையாலும் விரித்து, தண்ணீருக்கு மேலே நாலு விரல் உயரத்தைக் குனிந்து பாருங்கள். மேலே நின்று இலையைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அறக்கொட்டி தண்டின் அடியில்தான் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும். நீங்கள் விரல் வைத்தால் பக்கவாட்டில் நகர்ந்து தண்டின் மறுபக்கம் ஒளியும். அதே இடத்தில் இன்னும் சிலவும் இருக்கும். முதுகில் கவட்டைபோலப் பிரியும் ஒரு கோடு உள்ள சாம்பல் நிறச் சிலந்தி ஒன்று தண்ணீரின் மேலேயே ஓடும். அது வலை பின்னுவதில்லை, துரத்திப் பிடிக்கிற சாதி. தாய்ச் சிலந்தி குஞ்சுகளை முதுகில் சுமந்துகொண்டு திரிவதையும் காணலாம். அது நாளொன்றுக்கு ஐந்திலிருந்து பதினைந்து பூச்சிகள்வரை தின்னும். பச்சையும் கறுப்புமாக ஒரு சின்ன மூட்டுப்பூச்சியும் இருக்கும். அதன் வேலை அறக்கொட்டியின் முட்டையைத் தேடித்தேடிக் குத்தி உறிஞ்சுவது. தும்பி, நீர்ப்பூச்சி, கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னக் குளவிகள் என்று இந்தப் பட்டாளம் பெரியது. சம்பளம் கேட்காமல் இரவு பகலாக உங்கள் வயலில் நிற்கிற பட்டாளம் இது.

இப்போது மருந்து அடிக்கிறீர்கள். வளர்ந்த அறக்கொட்டி சாகிறது. சிலந்தியும் மூட்டுப்பூச்சியும் கூடவே சாகின்றன. ஆனால் அறக்கொட்டி தன் முட்டைகளை இலையுறையின் தசைக்குள் செருகி வைத்திருக்கிறது. மருந்து அங்கே போய்ச் சேராது. ஏழெட்டு நாளில் அந்த முட்டைகள் பொரிக்கும்போது அவற்றைத் தின்ன வயலில் யாரும் இல்லை. நீங்கள் எழுதிய "ஒரு கிழமை" அதுதான்.

இந்தோனேசியா இந்தப் பாடத்தை நாடளவில் படித்தது. அரசாங்கம் கிருமிநாசினியை மானிய விலையில் அள்ளிக் கொடுத்தது. அறக்கொட்டி அதைவிட வேகமாகப் பெருகியது. 1986இல் அந்நாட்டு ஜனாதிபதி நெல்லுக்குப் பயன்பட்ட 57 கிருமிநாசினிகளைத் தடைசெய்தார். மானியத்தையும் படிப்படியாக நிறுத்தி, விவசாயிகளுக்கு வயலிலேயே பூச்சிகளை இனங்காணும் பயிற்சி கொடுத்தார்கள். நெல் விளைச்சல் விழவில்லை. பிறகு சீனா, தாய்லாந்து, வியட்நாம் ஆகிய மூன்று நாடுகளில் நான்கு ஆண்டுகள் வரம்பிலே எள் போன்ற பூக்கும் பயிர்களை வளர்த்துப் பார்த்தார்கள். அந்தப் பூக்களின் தேன், நன்மை செய்யும் குளவிகளுக்கு உணவு. 2016இல் வெளியான அந்த ஆய்வின்படி கிருமிநாசினி அடிப்பது 70 வீதம் குறைந்தது, விளைச்சல் 5 வீதம் கூடியது. எள்ளு விதைக்க நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. களைகொல்லி அடித்து வரம்பை மொட்டையாக்குவதை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

நீங்கள் செய்ய வேண்டியவை: நெருக்கி விதைக்காதீர்கள். பயிர் கறுத்த பச்சையாகத் தெரிய வேண்டும் என்று யூரியாவை அள்ளிக் கொட்டாதீர்கள், அறக்கொட்டிக்கு அதுதான் விருந்து. விதைத்த முதல் நாற்பது நாளில், இலை சுருட்டியைக் கண்டாலும் மருந்துக் கடைப் பக்கம் போகாதீர்கள். அந்த வயதில் பயிர் தானாகவே தேறிவிடும். அறக்கொட்டி கூடினால் சில நாள் தண்ணீரை வடியவிட்டு, பற்றைகளை ஆங்காங்கே விலக்கிக் காற்றும் வெயிலும் அடியில் படச் செய்யுங்கள். மருந்தே கூடாது என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை. கணக்கு மீறினால் அடிக்கத்தான் வேண்டும். ஆனால் எதை, எவ்வளவு, எங்கே என்பதை உங்கள் பிரிவுப் போதனாசிரியர் வயலைப் பார்த்துச் சொல்லட்டும். விற்பவர் சொல்வதைக் கேட்டு இரண்டைக் கலந்து அடிப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

2021இல் இயற்கை விவசாயம் என்று சொல்லி ஒரே இரவில் உரத்தை நிறுத்தி எங்களை நடுத்தெருவில் விட்டார்கள். இப்போது நீங்களும் சிலந்தி, தும்பி என்று தொடங்குகிறீர்கள். இன்னொரு முறை ஏமாற நாங்கள் தயாரில்லை.
– விவசாயி, சம்மாந்துறை

சகோதரரே, உங்கள் கோபம் முழுக்க நியாயமானது. ஏப்ரல் இறுதியில் முடிவெடுத்து, அந்த ஆண்டுப் பெரும்போகத்துக்கே இரசாயன உரம் இல்லை என்றார்கள். நவம்பரில் தடையை நீக்கியபோது விதைப்பு முடிந்திருந்தது. யூரியாவுக்கு விளையும்படி உருவாக்கிய இனங்களை வயலில் வைத்துக்கொண்டு, போதிய சேதனப் பசளையும் இல்லாமல், ஒரு போகத்தில் மாறச் சொன்னார்கள். மண்ணை அறிந்த எவரும் அப்படிச் சொல்லமாட்டார். மண்ணிலுள்ள உயிர்கள் மீண்டு வர ஆண்டுகள் வேண்டும்.

நான் கேட்பது வேறு. உரத்தை நிறுத்துங்கள் என்று கேட்கவில்லை. தேவையில்லாத மருந்தை நிறுத்துங்கள், வைக்கோலை எரிக்காதீர்கள் என்று கேட்கிறேன். பயிர் எடுத்துக்கொண்ட பொட்டாசியத்தில் ஐந்தில் நாலு பங்கு வைக்கோலில்தான் இருக்கிறது. சூடடித்த இடத்திலேயே எரித்தால் அதன் சாம்பல் ஒரு மூலையில் குவிந்துவிடும். பரப்பிவிட்டு உழுதால் அது வயல் முழுவதற்கும் திரும்பும், மண்புழுவுக்கும் தீனி கிடைக்கும். இதற்கு யாருடைய வர்த்தமானியும் தேவையில்லை. உங்கள் பணமும் போகாது.

போரதீவுப்பற்றில் இருக்கிறோம். போன வருடம் யானை வந்து குசினிச் சுவரை இடித்து, வைத்திருந்த நெல்லைத் தின்றுவிட்டுப் போனது. பிள்ளைகள் இரவில் அலறி எழும்புகிறார்கள். யானை இல்லாவிட்டால் இந்த உலகத்துக்கு என்ன குறை வந்துவிடும், அம்மா?
– இரண்டு பிள்ளைகளின் தாய், வெல்லாவெளி

மகள், முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். யானையைக் காப்பாற்ற வேண்டும் என்று நகரத்தில் இருந்துகொண்டு பேசுகிறவர்கள் அதற்கான விலையை உங்கள் தலையில் வைக்கிறார்கள். அது அநியாயம். 2023இல் மட்டும் இந்த நாட்டில் 400க்கும் அதிகமான யானைகளும் 150க்கும் அதிகமான மனிதர்களும் செத்தார்கள். இறந்தவர்களில் அநேகர் உங்களைப் போன்ற வயற்காரக் குடும்பத்தினர்.

யானை என்ன செய்கிறது என்று கேட்டீர்கள். வளர்ந்த யானை நாளொன்றுக்கு நூறு கிலோவுக்கு மேல் தின்று, தின்றதில் பாதியைச் செரிக்காமல் வெளியே தள்ளுகிறது. விதைகள் மைல் கணக்கில் பயணம் செய்து, எருவோடு சேர்த்து விதைக்கப்படுகின்றன. அடர்ந்த பற்றையை அது உடைத்துப் போகும் வழியில்தான் மானும் மரையும் போகும், வெளிச்சம் தரைக்கு வரும், புல் முளைக்கும். நம் தென்கிழக்குக் காடுகளில் யானைச் சாணத்தைக் கிளறிப் பார்த்த ஆய்வாளர்கள் வரட்சிக் காலத்தில் அதற்குள் தவளைகள் ஒதுங்கியிருப்பதைக் கண்டார்கள். இத்தனை வேலையையும் செய்ய வேறு மிருகம் இந்தக் காட்டில் இல்லை. காடு கெட்டால் குளத்துக்கு வரும் தண்ணீர் கெடும். குளம் கெட்டால் உங்கள் வயல் கெடும். ஆனாலும் இந்தக் காரணங்கள் எவையும் இரவில் அலறும் பிள்ளைக்கு ஆறுதல் ஆகாது.

ஆகவே வேலியைப் பற்றிப் பேசுவோம். காட்டு எல்லையில் மைல் கணக்கில் மின்வேலி போட்டு யானையை உள்ளே அடைப்பதுதான் இதுவரை நடந்தது. வேலிக்கு அப்பாலும் யானை இருக்கிறது, இப்பாலும் இருக்கிறது. பராமரிக்க ஆளும் இல்லை. கல்கமுவப் பக்கத்தில் கலாநிதி பிரித்திவிராஜ் பெர்னாண்டோவின் குழுவினர் இதை மாற்றிச் செய்தார்கள். வேலி காட்டைச் சுற்றி அல்ல, ஊரைச் சுற்றி. வயலுக்குத் தனியாக ஒரு வேலி. அதை விதைக்கும்போது போட்டு, அறுவடை முடிந்ததும் கழற்றிவிடுவார்கள். பிறகு யானை வந்து வயலில் மிஞ்சிய ஒட்டுத்தாளைத் தின்று போகலாம். வேலியைப் பார்த்துக்கொள்வது அந்த ஊர் விவசாயிகளே, ஏனென்றால் அதனால் காப்பாற்றப்படுவது அவர்களுடைய வேளாண்மை. உங்கள் கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் இதைக் கேளுங்கள், பிரதேச செயலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். உடனடியாகச் செய்யக்கூடியது: நெல்லையும் உப்பையும் குசினியில் வைக்காதீர்கள். யானை சுவரை இடிப்பது வாசனைக்காக.

ஒரு விடயம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அம்பாறைப் பள்ளக்காட்டில் திறந்த வெளியில் குப்பை கொட்டுகிறார்கள். யானைகள் அங்கே வந்து உணவுக் கழிவோடு பொலித்தீனையும் விழுங்குகின்றன. எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் அப்படிச் செத்தன என்று 2022இன் தொடக்கத்தில் செய்தி வந்தது. குப்பையைத் தின்று பழகிய யானை ஊருக்குள் வரப் பயப்படாது. நகரத்தின் குப்பையும் உங்கள் குசினிச் சுவரும் தொடர்பில்லாதவை அல்ல.

சாரைப் பாம்பை அடிக்கலாமா?
– வாசகர், செட்டிபாளையம்

கூடாது. அதற்கு விஷம் இல்லை, அது தின்பது எலியை. நம் வயல்களில் எலிக்காய்ச்சலால் ஆண்டுதோறும் ஆட்கள் சாகிறார்கள். அந்தக் கிருமி பெரும்பாலும் எலியின் சிறுநீர் வழியாகத்தான் சேற்றுக்கு வருகிறது. நிறத்தைப் பார்த்து நாகமா சாரையா என்று நிச்சயமாகத் தெரியாவிட்டால் கிட்டப் போகாமல் வழிவிட்டு நில்லுங்கள், அது போய்விடும்.

ஓர் இனம் அழிந்தால் இன்னோர் இனம் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதுதானே இயற்கை? பிறகு ஏன் இவ்வளவு பதற்றம்?
– ஆசிரியர், அக்கரைப்பற்று

பிடித்துக்கொள்ளும், ஐயா. யார் பிடித்துக்கொள்வார்கள் என்பதுதான் கேள்வி. இந்தியாவில் பிணந்தின்னிக் கழுகுகள் கோடிக்கணக்கில் இருந்தன. செத்த மாட்டை ஊருக்கு வெளியே போட்டால் ஒரு மணி நேரத்தில் எலும்பு மட்டும் மிஞ்சும். 1990களில் மாடுகளுக்கு டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது. நம் மருந்துக் கடையில் மூட்டுவலிக்குத் தருகிற அதே மருந்துதான். அது உடலில் இருக்கும்போது செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகம் செயலிழந்தது. பதினைந்து ஆண்டுகளுக்குள் சில கழுகினங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் அழிந்துபோயின. 2006இல் மாடுகளுக்கு அந்த மருந்தைக் கொடுப்பதைத் தடைசெய்தார்கள்.

அந்த இடத்தைத் தெருநாயும் எலியும் பிடித்துக்கொண்டன. அழுகிய பிணங்கள் நீர்நிலைகளுக்குள் கிடந்தன. விசர்நாய்க்கடி கூடியது. 2000 முதல் 2005 வரையிலான ஐந்தாண்டுகளில், கழுகு இல்லாமற்போனதால் ஏறத்தாழ ஐந்து இலட்சம் மனித உயிர்கள் கூடுதலாகப் போயின என்று 2024இல் இரண்டு பொருளியலாளர்கள் கணக்கிட்டு வெளியிட்டார்கள். கழுகு அழகான பறவை அல்ல. அது மறைந்துகொண்டிருந்தபோது பொதுமக்களில் எத்தனை பேர் கவலைப்பட்டிருப்பார்கள்?

எங்கள் இளைஞர் கழகம் மட்டக்களப்பு வாவிக் கரையில் ஆயிரம் கண்டல் கன்று நடத் திட்டமிட்டிருக்கிறது. பிரதம விருந்தினரும் ஒப்புக்கொண்டுவிட்டார். எங்கே, எப்படி நட வேண்டும்?
– கழகச் செயலாளர், பாலமீன்மடு

தம்பிமாரின் மனசுக்கு நன்றி. ஆனால் விருந்தினருக்குத் திகதி கொடுப்பதைச் சற்று ஒத்திவையுங்கள்.

சுனாமிக்குப் பிறகு இந்த நாட்டின் கரைகளில் கண்டல் நட்ட அளவுக்கு வேறு எதுவும் நடவில்லை. அந்தத் திட்டங்கள் நடந்த 23 இடங்களைப் பின்னாளில் ஆய்வாளர்கள் போய்ப் பார்த்து 2017இல் எழுதினார்கள். ஒன்பது இடங்களில் ஒரு கன்றும் மிஞ்சவில்லை. பாதிக்கு மேல் பிழைத்தது மூன்று இடங்களில் மட்டும். காசு இருந்தது, ஆளும் இருந்தது, கன்றும் இருந்தது. எந்த மரம் எந்த மட்டத்தில் நிற்கும் என்ற அறிவுதான் இல்லை.

எல்லாரும் நடுவது ஒரே கண்டலைத்தான், அதுவும் காரணத்தோடு. அதன் காய் மரத்தில் தொங்கும்போதே முளைவிட்டு முருங்கைக்காய்போல நீண்டு நிற்கும். பறித்துச் சேற்றில் குத்தினால் வேலை முடிந்தது, படமும் எடுத்தாயிற்று. ஆனால் கண்டற் காடு ஒரு மரத்தால் ஆனது அல்ல. தண்ணீர் விளிம்பில் ஊன்றுகால்களோடு நிற்பது ஒன்று. அதற்குப் பின்னால் சேற்றுக்கு மேலே பென்சில்போல மூச்சுவேர்களை நீட்டி நிற்கும் கண்ணா. இன்னும் மேட்டில், பால் பட்டால் கண் எரியும் தில்லை. ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் தண்ணீருக்குள் நிற்கலாம், எவ்வளவு உப்பைத் தாங்கலாம் என்று ஓர் எல்லை உண்டு. அதிலும் நம் வாவிக்கு ஒரு தனிக்குணம் இருக்கிறது. கடல் ஏறி இறங்கும் அளவு இங்கே மிகக் குறைவு. வாவியின் மட்டத்தைத் தீர்மானிப்பது முகத்துவாரத்து மணல்மேடுதான். அது அடைத்திருக்கும்போது மாரி வெள்ளம் வந்தால் கரை கிழமைக் கணக்கில் மூழ்கிக் கிடக்கும். அப்போது முழங்கால் உயரக் கன்று மூச்சடைத்துச் சாகும். கோடையில் நீர் இறங்கியதும், மேட்டில் நட்டவை உப்புப் பூத்த மண்ணில் காயும். மிஞ்சியதை மாடு மிதிக்கும்.

அதனால் முதலில் பாருங்கள். நீங்கள் நட நினைக்கும் கரையில் முன்பு கண்டல் நின்றதா? நின்றது என்றால் ஏன் இப்போது இல்லை? வெட்டினார்களா, கட்டடக் கழிவு கொட்டி நிரப்பினார்களா, நீர் வரும் வாய்க்காலை யாரும் மறித்துவிட்டார்களா? காரணத்தை நீக்கினால் பல இடங்களில் வாவியே காயைக் கொண்டுவந்து நட்டுவிடும். ஒருபோதும் கண்டல் நிற்காத சேற்றுவெளி என்றால் அதைத் தொடாதீர்கள். அங்கே நாரையும் கொக்கும் மேய்கின்றன, பெண்கள் மட்டி பொறுக்குகிறார்கள். அதுவும் உயிருள்ள நிலம்தான்.

எனக்குக் கேட்டால், ஆயிரம் கன்றைவிட நிற்கிற பத்து மரத்தை வெட்டவிடாமல் காப்பது பெரிய வேலை. அந்த வேர்களுக்குள்தான் இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் கொடுவாக் குஞ்சும் பெரிய மீனின் வாயில் படாமல் வளர்கின்றன. உங்கள் ஊர் மீனவரிடம் கேளுங்கள், கண்டல் போன கரையில் வலை வீசி என்ன கண்டார் என்று. 2015இல் நாட்டிலுள்ள எல்லாக் கண்டற் காடுகளையும் பாதுகாப்பதாக இலங்கை அறிவித்தது. 2024இல் இலங்கையின் கண்டல் மீட்பு முயற்சியை ஐக்கிய நாடுகள் சபை உலகுக்கு முன்மாதிரி என்று தேர்ந்தெடுத்தது. அந்தப் பெயர் நம் வாவிக்கும் பொருந்த வேண்டும் என்றால், கரையை நிரப்பி வேலி போடுபவர்களைப் பற்றி உங்கள் கழகம் முறைப்பாடு எழுத வேண்டும். நடுவதைவிட அதற்குத் துணிச்சல் அதிகம் வேண்டும். நட்டே ஆக வேண்டும் என்றால் வன பரிபாலனத் திணைக்களத்தை அழைத்து இடத்தைக் காட்டி, மூன்று நாலு இன மரங்களை அவற்றுக்குரிய மட்டத்தில், இரண்டு மூன்று ஆண்டு பராமரிக்கும் ஏற்பாட்டோடு நடுங்கள்.

குளம் முழுக்க ஆற்றுவாழை. பச்சையாக இருப்பதெல்லாம் இயற்கை என்றால் இதையும் காப்பாற்ற வேண்டுமா?
– வாசகர், நாவற்காடு

வேண்டாம், அள்ளி வீசுங்கள். அது தென் அமெரிக்கச் செடி. பூ அழகாக இருக்கிறது என்று 1905 அளவில் இங்கே கொண்டுவந்தார்கள். 1909இலேயே அதை ஒழிக்கச் சட்டம் போட வேண்டியதாயிற்று. அதைத் தின்று அடக்கும் பூச்சிகள் எல்லாம் அதன் சொந்த ஊரில் நின்றுவிட்டன. அள்ளியதைக் கரையில் விடாமல் தூரக் கொண்டுபோய் உலர்த்தி, சாணத்தோடு சேர்த்துக் கூட்டெருவாக்குங்கள்.

என் பூசணிக் கொடி நன்றாகப் பூக்கிறது. ஆனால் பிஞ்சு மஞ்சளாகி விழுந்துவிடுகிறது. பக்கத்தில் வெற்றிலையும் பாகலும் இருக்கின்றன. பாகலுக்குக் காலையில் மருந்து அடிக்கிறோம்.
– வாசகி, களுதாவளை

விடை உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் இருக்கிறது, தங்கச்சி. பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. அடியில் சின்னப் பிஞ்சோடு இருப்பது பெண் பூ. அது விடியற்காலையில் விரிந்து, மதியத்துக்கு முன் சுருண்டுவிடும். அந்த ஐந்தாறு மணி நேரத்துக்குள் ஒரு தேனீ மகரந்தத்தைக் கொண்டுவந்தாக வேண்டும். அந்த நேரத்தில்தான் நீங்கள் மருந்து அடிக்கிறீர்கள். உலகின் முக்கிய உணவுப் பயிர் வகைகளில் நாலில் மூன்றுக்கு இப்படி ஏதாவது ஓர் உயிரின் உதவி வேண்டியிருக்கிறது. நெல்லுக்கு வேண்டாம் என்பதால் நாம் இதை மறந்துவிடுகிறோம்.

பாகலுக்கு அடித்தே ஆக வேண்டும் என்றால் பொழுது சாயும்போது அடியுங்கள். வேலியோரத் துளசியையும் தும்பையையும் பிடுங்காதீர்கள். இப்போதைக்கு, காலை ஏழு மணிக்கு முன் ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, உள்ளே உள்ள மஞ்சள் தண்டைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தேய்த்துவிடுங்கள். பிஞ்சு நிற்கும்.

எனக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. எங்கள் தகப்பனார் காலத்து நெல்லை ஒரு பரப்புக்கு விடாமல் விதைத்து வந்தேன். இனி என்னால் முடியாது. பிள்ளைகள் "இது விளைச்சல் தராது, குத்திச் சோறாக்குவோம்" என்கிறார்கள். சிவந்த சின்ன அரிசி. வெள்ளத்துக்குள் நின்றாலும் அழுகாது. இதை என்ன செய்வது, மகள்?
– ஐயா ஒருவர், கொக்கட்டிச்சோலை

ஐயா, தயவுசெய்து குத்தவிடாதீர்கள்.

மேலே வவுணதீவுத் தம்பிக்கு அறக்கொட்டியைப் பற்றி எழுதியிருக்கிறேன். 1970களில் ஆசியா முழுவதும் அது நெல்லை எரித்தபோது, பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் தன் விதை வங்கியில் உள்ள ஆயிரக்கணக்கான இனங்களை அறக்கொட்டிக்குத் தின்னக் கொடுத்துச் சோதித்தது. தாங்கி நின்றவற்றில் ஒன்று இலங்கையின் ரத்து ஹீனட்டி. அதுவும் உங்கள் நெல்லைப்போல சிவந்த சின்ன அரிசிதான். அதன் எதிர்ப்புச் சக்தியைப் புதிய இனங்களுக்குள் கொண்டுவந்து 1980களில் பிலிப்பைன்ஸ் விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். இன்றைக்கும் நெல் இனவிருத்தியில் அது பயன்படுகிறது. நம் பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1958இல் வெளியிட்டு, நாட்டின் விளைச்சலை உயர்த்திய எச்4 நெல்லின் தாய்தந்தையரில் ஒன்று முருங்கைக்காயன் என்ற நம் பழைய நெல். வெள்ளத்தில் மூழ்கியும் பிழைக்கும் குணத்தை ஆராய்ந்தபோதும் குற்கறுப்பன் என்ற இலங்கை நெல் ஆராய்ச்சியாளர்களுக்குக் கைகொடுத்தது. இந்த நெல்லை எல்லாம் காப்பாற்றியவர்கள் உங்களைப் போன்றவர்கள்தான். தாங்கள் எதைக் காப்பாற்றுகிறோம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

உங்கள் நெல் அவற்றில் ஒன்றா, வேறா என்று கடிதத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. சோதிக்க வேண்டும். மாரி வெள்ளம் ஆண்டுக்கு ஆண்டு கணக்குத் தவறி வருகிற காலத்தில், நீருக்குள் நின்று அழுகாத ஒரு நெல் நம் வட்டையிலேயே இருக்கிறது என்றால் அதைச் சோறாக்குவது பெருங்குற்றம். விளைச்சல் குறைவு என்று பிள்ளைகள் சொல்வதும் உண்மைதான். வயல் முழுவதையும் இதற்கு விடச் சொல்லவில்லை. ஒரு மூலை போதும்.

செய்ய வேண்டியது இது. நன்றாக முற்றிய கதிர்களாகப் பார்த்து வேறாக எடுத்து, கடித்தால் நொறுங்கும்வரை நிழலில் உலர்த்துங்கள். நூறு மணியை ஈரத்துணியில் சுற்றி வைத்து எத்தனை முளைக்கிறது என்று பாருங்கள். எண்பதுக்கு மேல் முளைத்தால் நல்லது. ஈரம் இல்லாத கண்ணாடிப் போத்தலில், அடியில் உலர்ந்த சாம்பலைத் துணியில் முடிந்து வைத்து, வாயை இறுக்கி மூடி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். நம் வெக்கைக்கு வீட்டில் வைத்த விதை ஓர் ஆண்டுக்கு மேல் நம்பத்தக்கது அல்ல. ஆகவே அதற்குள் கன்னொறுவையில் உள்ள தாவர மரபணு வளங்கள் நிலையத்துக்கு ஒரு கிலோ போய்ச் சேர வேண்டும். அங்கே குளிரறையில் பல ஆண்டுகள் காப்பார்கள். உங்கள் கமநல சேவை நிலையத்தில் போதனாசிரியரைக் கேட்டால் அனுப்ப வழி செய்வார். மீதியை உங்கள் ஊரிலேயே இரண்டு மூன்று இளம் விவசாயிகளிடம் பிரித்துக் கொடுங்கள். ஒரு வீட்டில் கெட்டாலும் இன்னொரு வீட்டில் இருக்கும்.

விதையோடு ஒரு தாளையும் அனுப்ப வேண்டும். நெல்லின் பெயர், எந்த வட்டையில் விதைத்தீர்கள், எத்தனை மாதப் பயிர், எவ்வளவு உயரம் வளரும், எத்தனை நாள் வெள்ளத்தில் நின்றது, சோற்றின் ருசி, எந்த நோய்க்குக் கொடுத்தார்கள் என்பதையெல்லாம் நீங்கள் சொல்லச் சொல்லப் பேரப்பிள்ளை யாராவது எழுதட்டும். எழுத ஆள் இல்லை என்றால் பத்திரிகை முகவரிக்கு ஒரு வரி போடுங்கள். கொக்கட்டிச்சோலைக்கு நானே வந்து எழுதித் தருகிறேன்.